வாசலுக்கு வந்த பட்டுவாடா: அமெரிக்கக் கிராமங்களின் தபால் மனு, 1890–1902

1883 அக்டோபர் முதல் அமெரிக்காவில் ஒரு சாதாரணக் கடிதத்துக்கு ஸ்டாம்பு 2 சென்ட். ஃபிலடெல்பியாவில் குடியிருப்பவர் ஒட்டுவதும் அதே 2 சென்ட்தான், அயோவாவில் சோளக்காட்டுக்கு நடுவே குடியிருப்பவர் ஒட்டுவதும் அதே 2 சென்ட்தான். ஃபிலடெல்பியாக்காரர் வீட்டுக்குச் சீருடை போட்ட தபால்காரர் ஒரே நாளில் பலமுறை வந்து போனார். அயோவாக்காரர் குதிரையைப் பூட்டி, சேற்றுப் பாதையில் மைல் கணக்கில் போய், கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். பல சமயம் வந்திருக்காது.

கிராமத்துக்காரர்களின் மனக்குறை இவ்வளவுதான். இதைச் சரிசெய்ய அமெரிக்க அரசு எடுத்துக்கொண்ட காலம், நகரங்களில் இலவசப் பட்டுவாடா தொடங்கிய 1863 ஜூலை 1 முதல் கிராமப் பட்டுவாடா நிரந்தரமான 1902 ஜூலை 1 வரை, சரியாக 39 ஆண்டுகள். அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். கோரிக்கை நியாயமானது என்பதை மறுத்தவர்கள் குறைவு. நியாயமான கோரிக்கை ஏன் அத்தனை காலம் கிடப்பில் இருந்தது, பிறகு திடீரென்று ஏன் ஓடத் தொடங்கியது என்பதுதான் கேள்வி.

கடைக்குள் இருந்த தபாலாபீஸ்

1890-இல் அமெரிக்க மக்களில் ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், கிராமப்புறத்தில் இருந்தார்கள். இவர்களுக்குத் தபாலாபீஸே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாடு முழுக்கத் தபாலாபீஸ்கள் இறைந்து கிடந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ‘நான்காம் வகுப்பு’ ஆபீஸ்கள். போஸ்ட்மாஸ்டரின் ஆண்டு வருமானம் 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் அது நான்காம் வகுப்பு.

நடைமுறையில் அது ஒரு மளிகைக் கடையின் மூலை. ஒரு பக்கம் மாவு மூட்டை, இன்னொரு பக்கம் ஆணிப் பெட்டி, நடுவில் கடிதம் போட்டு வைக்கச் சில மரத் தட்டுகள். கடைக்காரரே போஸ்ட்மாஸ்டர். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தன் ஆபீஸில் எத்தனை ஸ்டாம்புக்கு முத்திரை குத்துகிறாரோ அதைப் பொறுத்துத்தான் வருமானம். அந்தக் காசு சொற்பம். உண்மையான லாபம் வேறு: கடிதம் வாங்க வருகிறவர் உப்பும் சர்க்கரையும் வாங்காமல் போக மாட்டார். தவிர, பதவி அரசியல் கையில் இருந்தது. வாஷிங்டனில் ஆளுங்கட்சி மாறினால் கிராமத்தில் போஸ்ட்மாஸ்டரும் மாறுவார், சில சமயம் தபாலாபீஸே எதிர்க்கடைக்கு இடம்பெயரும். ஆயிரக்கணக்கான சிறு பதவிகளைப் பங்குபோடுகிற இந்த ஏற்பாடு இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வேண்டியதாக இருந்தது. பின்னால் வந்த சண்டைக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

ஒரு தபாலாபீஸிலிருந்து இன்னொன்றுக்குப் பையைச் சுமந்தவர்கள் குத்தகைதாரர்கள். 1845-ஆம் ஆண்டுச் சட்டம், வேகம், நிச்சயம், பாதுகாப்பு என்ற மூன்று மட்டும் போதும், எந்த வண்டியில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றது. ஒவ்வொரு பதிவிலும் மூன்று சொற்களையும் எழுதச் சலித்த குமாஸ்தாக்கள் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டார்கள். அதனால் அந்தத் தடங்களுக்கு ‘நட்சத்திரத் தடம்’ என்றே பெயர் நிலைத்தது. குறைந்த தொகைக்குக் கேட்டவருக்குக் குத்தகை. பை கடை வரைக்கும் வரும். அதற்கு மேல் கடிதம் வாங்குகிறவர் பாடு.

விவசாயி வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் வேலை ஓய்ந்த நாளில்தான் கடைக்குப் போக முடிந்தது. அவருடைய நாளிதழ் ஐந்தாறு நாள் பழசாகித்தான் கைக்கு வரும். கோதுமை விலை என்ன, மாட்டுச் சந்தை எப்படி என்பதை அந்த ஊர் வியாபாரி தந்தியில் அன்றே தெரிந்துகொள்வார். விற்க வருகிறவருக்கு அது தெரியாது. மனுக்களில் இந்த விஷயம் திரும்பத் திரும்ப வருவது தற்செயலானதன்று. உறவினர் கடிதம் தாமதமாவதால் மனம் வருந்தும், விலைச் செய்தி தாமதமானால் காசு போகும்.

மனு போன இடம்

கிராமத்தாரின் குரலை வாஷிங்டன் வரை கொண்டுபோனவை விவசாயிகள் சங்கங்கள். 1867-இல், விவசாயத் துறையில் குமாஸ்தாவாக இருந்த ஆலிவர் ஹட்சன் கெல்லி முன்னின்று தொடங்கிய ‘கிரேஞ்ச்’ முதலில் ரயில் கம்பெனிகளின் சரக்குக் கட்டணத்தை எதிர்த்துப் பேர் வாங்கியது. 1880-களில் வளர்ந்த விவசாயிகள் கூட்டணியும் சேர்ந்துகொண்டது. 1887-ஆம் ஆண்டுச் சட்டம் நகரப் பட்டுவாடாவை 10,000 மக்கள்தொகையோ 10,000 டாலர் தபால் வருமானமோ உள்ள ஊர்கள் வரை நீட்டியபோது, அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கு எரிச்சல் கூடியது.

அவர்களுக்கு எதிர்பாராத இடத்தில் ஓர் ஆதரவாளர் கிடைத்தார். 1889-இல் ஜனாதிபதி பெஞ்சமின் ஹாரிசன் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக, அதாவது தபால் இலாகாவின் தலைவராக, நியமித்தவர் ஜான் வானமேக்கர். ஃபிலடெல்பியாவில் மிகப் பெரிய பல்பொருள் கடை நடத்தியவர். ஒரே ஆள் ஒரு வண்டியில் போய்ப் பலருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு வரலாமே, ஐம்பது பேர் தனித்தனியாக வண்டி பூட்டிக்கொண்டு வந்து போவானேன் என்பது அவருடைய வாதம். கடைக்காரர் கணக்கு. கிராமத்துக்குத் தபால் போனால் விளம்பரமும் போகும், ஆர்டரும் வரும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதற்காக வாதம் தவறாகிவிடாது. 1890-இல் 10,000 டாலர் வாங்கி, 46 சிறு ஊர்களில் பட்டுவாடா நடத்திப் பார்த்தார். தபால் வருமானம் கூடிச் செலவை ஈடுகட்டியது என்று அறிக்கை கொடுத்தார்.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. அவை சிற்றூர்கள். வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அரை மைலுக்கு ஒரு வீடு இருக்கிற விவசாயப் பகுதிக்கு இந்தக் கணக்கு பொருந்துமா என்று எதிராளிகள் கேட்டதில் நியாயம் உண்டு.

1892 ஜனவரி 5 அன்று மிச்சிகன் நாடாளுமன்ற உறுப்பினர் ஜேம்ஸ் ஓ’டானல் கிராமப் பட்டுவாடாவுக்கு 60 லட்சம் டாலர் கேட்டு மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டு ஜார்ஜியாவைச் சேர்ந்த தாமஸ் வாட்சன் சின்னதாகக் கேட்டார்: 10,000 டாலர், சோதனைக்கு மட்டும், ஆனால் ஊருக்குள் இல்லாமல் அசல் கிராமப்புறத்தில். வாட்சன் மக்கள் கட்சிக்காரர். 1892 தேர்தலில் தோற்றுவிட்டு, பதவிக்காலத்தின் கடைசி வாரங்களில் உட்கார்ந்திருந்தவர். 1893 மார்ச்சில் அவருடைய திருத்தம் சட்டமானது. (பிற்காலத்தில் கறுப்பின மக்கள், யூதர், கத்தோலிக்கர் மீது அவர் கக்கிய வெறுப்பு அமெரிக்க அரசியலின் அசிங்கமான பக்கங்களில் ஒன்று. ஆனால் கிராமப் பட்டுவாடா வரலாற்றில் முதல் சட்டபூர்வமான காசு அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.)

சட்டம் வந்தது, காசும் வந்தது, பட்டுவாடா மட்டும் வரவில்லை. ஆட்சி மாறி க்ளீவ்லாந்து ஜனாதிபதியானார். அவருடைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் வில்சன் பிஸ்ஸல் அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. தொகை போதாது என்றார். திட்டத்தின் செலவை நாடு தாங்காது என்றார். 1894-இல் நாடாளுமன்றம் மேலும் 20,000 டாலர் ஒதுக்கியது. அப்போதும் அசையவில்லை. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருந்தே ஒரு திட்டத்தைக் கொல்லலாம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1895-இல் பிஸ்ஸல் போய் வில்லியம் வில்சன் வந்தார். அவருக்கும் திட்டத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் சொன்னதைச் செய்து பார்க்கத் தயாராக இருந்தார். 1896-இல் இன்னும் 10,000 சேர்ந்து மொத்தம் 40,000 டாலர் ஆனது. அக்டோபர் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் சார்லஸ் டவுன், ஹால்டவுன், உவில்லா ஆகிய மூன்று இடங்களிலிருந்து ஐந்து தபால்காரர்கள் கிளம்பினார்கள். ஆண்டுச் சம்பளம் 200 டாலர். சார்லஸ் டவுன் வில்சனின் சொந்த ஊர். சோதனையில் தவறு வந்தால் தன் ஊரிலேயே வரட்டும் என்று நினைத்தாரா, பலன் வந்தால் தன் ஊருக்கே வரட்டும் என்று நினைத்தாரா, அவரவர் யூகத்துக்கு விட்டுவிடலாம். ஓராண்டுக்குள் 29 மாநிலங்களில் 44 தடங்கள்.

மனுவே இயந்திரமானது

திருப்பம் 1897-க்குப் பிறகு. மெக்கின்லி ஆட்சியில் முதல் துணைப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக வந்தவர் பெரி ஹீத், இண்டியானாவைச் சேர்ந்த பத்திரிகைக்காரர். அவருக்குக் கீழே இலவசப் பட்டுவாடாவின் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் மேக்கன். அதுவரை எந்த ஊருக்குத் தடம் கொடுப்பது என்று இலாகாதான் முடிவு செய்தது. இவர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். வேண்டுமென்கிறவர்கள் மனு எழுதுங்கள், அக்கம்பக்கத்தார் கையெழுத்து வாங்குங்கள், உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அனுப்புங்கள் என்றார்கள்.

நிபந்தனைகள் இருந்தன. தடம் சுமார் 25 மைல் நீளத்தில் வளையமாக இருக்க வேண்டும், போன வழியே திரும்பக் கூடாது. அதில் 100 குடும்பங்களாவது வேண்டும். பாதை எல்லாக் காலத்திலும் வண்டி போகிற மாதிரி இருக்க வேண்டும். பெட்டியை வீட்டுக்காரரே வாங்கி, தபால்காரர் வண்டியிலிருந்து இறங்காமல் கைநீட்டிப் போடுகிற மாதிரி சாலையோரம் நட வேண்டும். இலாகாவின் ஆள் வந்து, வண்டியில் சுற்றி, வீடுகளை எண்ணி, வரைபடம் போட்டு எழுதினால் தடம் கிடைக்கும்.

பழைய மனுக்கள் ‘நாட்டுக்கு இதைச் செய்யுங்கள்’ என்று கேட்டன. அதற்கு யாரும் பொறுப்பில்லை. புது மனுவில் நூறு குடும்பத் தலைவர்களின் பெயர் ஒரு குறிப்பிட்ட உறுப்பினரின் மேஜைக்கு வருகிறது. தடம் வந்தால் அவர் கொண்டுவந்தது, வராவிட்டால் அவர் தவறியது. செலவு அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்த உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். 1896 வரை மொத்தம் 40,000 டாலருக்குத் திணறிய திட்டம், 1901-ஆம் நிதியாண்டில் மட்டும் 17,50,321 டாலர் செலவழித்தது. விவசாயியின் வாதம் இந்த ஐந்தாண்டில் ஒரு சொல்கூட மாறவில்லை. மனு போய்ச் சேருகிற இடத்தை மாற்றியதுதான் வித்தியாசம் என்பது என் கணிப்பு.

இதில் அழுக்கும் சேர்ந்தது. உறுப்பினர் வழியாகத்தான் மனு என்றால், செல்வாக்குள்ள உறுப்பினருக்குத் தடமும் முந்தும். குடியரசுக் கட்சியின் கை ஓங்கிய மத்திய மேற்கு மாநிலங்களுக்கு நிறையவும் தெற்கு மாநிலங்களுக்குக் கொஞ்சமும் போனது. நல்ல சாலை இருக்கிற பகுதிக்குத்தான் தடம் என்றால் ஏற்கெனவே வசதியானவர்கள் முன்னால் நிற்பார்கள். இவ்வளவு வேகமாகத் திட்டத்தை ஓட்டிய மேக்கன், 1903-இல் தபால் இலாகா ஊழல் வெடித்தபோது மாட்டினார். தெருத் தபால்பெட்டிகளை மாட்டும் கொக்கிகள் வாங்கியதில் கமிஷன் பெற்ற குற்றம் உறுதியாகிச் சிறைக்குப் போனார்.

கரோல் கவுண்டி: 236 டாலர் 25 சென்ட்

இந்த ஆய்வின் மையம் மேரிலாந்து மாநிலத்தின் கரோல் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி). இங்கேதான் ‘கிராமத்து மக்கள்’ என்ற ஒற்றைச் சொல் உடைந்தது.

கவுண்டியின் தலைநகரான வெஸ்ட்மின்ஸ்டர் தபாலாபீஸில் குமாஸ்தாவாக இருந்த எட்வின் ஷ்ரைவர், ஒரு வண்டியையே தபாலாபீஸாக்கினார். உள்ளே கடிதம் பிரிக்கும் அறைகள், இழுப்பறைகள். ஸ்டாம்பு விற்கலாம், மணியார்டர் எடுக்கலாம், கடிதத்தைப் பதிவு செய்யலாம். 1899 ஏப்ரலில் இரண்டு குதிரை பூட்டிய இந்த வண்டி ஓடத் தொடங்கியது. அது வெற்றி பெறவே, ஒரு கவுண்டி முழுவதற்கும் ஒரே நாளில் பட்டுவாடாவைக் கொண்டுவந்து பார்க்கலாம் என்று இலாகா துணிந்தது. நாட்டில் அதுவே முதல் தடவை. டிசம்பர் 20-இல், கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், தபால் நெரிசல் உச்சத்தில் இருக்கிறபோது, 4 வண்டிகளும் 26 தபால்காரர்களும் இறங்கினார்கள். தேதியை யார் தேர்ந்தெடுத்தார்களோ!

அதே நாளில் 63 நான்காம் வகுப்புத் தபாலாபீஸ்கள் மூடப்பட்டன. 35 நட்சத்திரத் தடக் குத்தகைகள் ரத்தாயின.

எதிர்ப்பு வெடித்தது. கடைக்காரப் போஸ்ட்மாஸ்டர்களும் குத்தகைதாரர்களும் கத்தியதில் வியப்பில்லை. ஆனால் கடிதம் வாங்குகிற சாதாரணக் குடும்பங்களிலும் ஒரு பகுதி அவர்களோடு நின்றது. தபாலாபீஸுக்குப் பக்கத்திலேயே இருந்தவருக்கு இது லாபமா? நேற்று வரை தெருவைக் கடந்து எந்நேரமும் கடிதம் வாங்கினார். இன்று வண்டி வருகிற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். தடத்தைவிட்டு ஒதுங்கிய பாதையில் வீடு இருந்தவருக்கு, இருந்த ஆபீஸும் போயிற்று, பெட்டி வைக்கவும் சாலை வரை நடக்க வேண்டும். குளிர்காலத்தில் மாலை நேரம் கடையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற சாக்கும் போயிற்று. மனு, கையெழுத்து, கூட்டம் என்று எந்த ஆயுதத்தால் மற்ற கவுண்டிகள் பட்டுவாடாவைக் கேட்டனவோ, அதே ஆயுதத்தால் இங்கே ஒரு கூட்டம் அதை எடுத்துவிடச் சொன்னது.

காரணம் தெளிவு. மற்ற இடங்களில் தடம் மனு கொடுத்தவர்களுக்கு வந்தது. கரோலில் கேட்டவர், கேட்காதவர், வேண்டாம் என்றவர் எல்லாருக்கும் ஒரே காலையில் வந்தது. இலாகா குறைகளை விசாரித்து, தடங்களைத் திருத்தியது. மாதங்கள் போகப் போகச் சத்தம் அடங்கி, ஆதரவு மேலோங்கியது.

இலாகா காட்டிய கணக்கு சுவையானது. முதல் மூன்று மாதச் செலவு 4,543 டாலர். மூடிய ஆபீஸ்களாலும் குத்தகைகளாலும் மிச்சம் 2,805. கூடிய தபால் வருமானம் 1,501 டாலர் 75 சென்ட். எல்லாம் போக ஒரு கவுண்டி முழுவதற்கும் வாசல் பட்டுவாடா கொடுத்ததன் நிகரச் செலவு 236 டாலர் 25 சென்ட். நாடு தாங்காது என்று பிஸ்ஸல் சொன்னதற்கு இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனால் அந்த 2,805 டாலரை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். அது வானத்திலிருந்து விழுந்த சேமிப்பன்று. 63 போஸ்ட்மாஸ்டர்களும் 35 குத்தகைதாரர்களும் மூன்று மாதத்தில் இழந்த வருமானம். வருமானம் கூடியதை மட்டும் வைத்துப் பார்த்தால் திட்டம் தன் செலவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஈட்டியது. மீதியில் பெரும்பகுதியைக் கொடுத்தது பழைய ஏற்பாடு.

பெட்டியும் சாலையும்

ஆரம்பத்தில் பெட்டி எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பன்றிக்கொழுப்பு வாளி, பாகு டின், சோப்புப் பெட்டி என்று கையில் கிடைத்ததைக் கம்பத்தில் மாட்டினார்கள். வாளியை யாரும் சரியாகக் கழுவவில்லை என்பது தபால்காரருக்குக் கோடைக்காலத்தில் தெரிந்திருக்கும். 1901-இல் இலாகா குழு போட்டு, வந்த மாதிரிகளில் 14-ஐ மட்டும் ஏற்றது. இன்றைக்கும் அமெரிக்கப் படங்களில் பார்க்கிற, மேலே வளைந்த குகை வடிவப் பெட்டி 1915-இல் ராய் ஜோரல்மன் என்ற தபால் இலாகாப் பொறியாளர் வரைந்தது.

சாலை இதைவிடப் பெரிய விஷயம். பாதை சரியில்லாவிட்டால் மனு தள்ளுபடி என்ற ஒரு வரி, வேறு எந்தச் சட்டமும் செய்யாததைச் செய்தது. இண்டியானாவில் ஒரு கவுண்டியில் விவசாயிகளே 2,600 டாலருக்கு மேல் போட்டுப் பாதையைச் சமன்படுத்திச் சரளை கொட்டினார்கள், தடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக. 1897 முதல் 1908 வரை உள்ளாட்சிகள் பாலம், மதகு, சாலைச் சீரமைப்புக்குச் செலவழித்தது ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் டாலர். பிஸ்ஸல் பயந்த செலவில் ஒரு பெரும் பங்கு இப்படித் தபால் இலாகாவின் கணக்கில் ஏறாமலே கிராமத்தார் தலையில் இறங்கியது. பட்டுவாடாவுக்குப் பெயர் மட்டும் ‘இலவசம்’. தபால்காரர் நிலையும் அப்படித்தான்: குதிரை, வண்டி, தீவனம் எல்லாம் அவருடையது, 1902-இல் சம்பளம் ஆண்டுக்கு 600 டாலர் வரை ஏறிய பிறகும் அதிலிருந்துதான் குதிரைக்குத் தீனி.

1902 ஜூலை 1-இல் ‘சோதனை’ என்ற ஒட்டு நீங்கி நிரந்தரமானது. 1910-இல் சுமார் 41,000 கிராமத் தபால்காரர்கள், சுமார் 9,93,000 மைல். 1913 ஜனவரி 1 முதல் பெரிய பார்சலும் வரத் தொடங்கியது. சிகாகோவின் தபால்வழிக் கடைகளான மான்ட்கோமரி வார்டும் சியர்ஸும் அனுப்பிய சட்டையும் சேணமும், முன்பு போஸ்ட்மாஸ்டராக இருந்தவரின் கடையைத் தாண்டிப் போயின.

தபாலாபீஸ்களின் எண்ணிக்கை 1901-இல் 76,945. நாட்டின் வரலாற்றில் அதுவே உச்சம். 1920-இல் ஏறத்தாழ 52,600. மூடிய ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு பெயர் இருந்தது. பெரும்பாலும் அந்தக் கடைக்காரரின் குடும்பப் பெயரோ, பக்கத்து ஓடையின் பெயரோ. கடித உறையில் அந்தப் பெயரை எழுதியவர்கள், இனி பத்து மைல் தள்ளி இருக்கிற டவுனின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ‘கிராம இலவசப் பட்டுவாடா’ என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தோடு தடத்தின் எண்ணைப் போட்டார்கள்: ஆர்.எஃப்.டி. 3.